முட்டி மாற்றி 11 வருஷம்: எலும்பு கரையுது, தட்டு ஆடுதுன்னு சொல்றாங்க. பொறுக்கலாமா, திறக்கணுமா?

மூத்தமகள்

வணக்கம். அம்மாவுக்காக எழுதறேன். வயசு 68. வலது முட்டி மாத்தி 11 வருஷம் ஆச்சு, இடது முட்டி அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. இத்தனை நாளும் ரெண்டு காலைப் பத்தியும் ஒரு முனகல் வந்ததில்ல.

ஆறேழு மாசமா ஒண்ணு கவனிக்கிறேன். நாற்காலியிலேருந்து எழுந்ததும் அம்மா கிளம்ப மாட்டாங்க. கைப்பிடியை விடாம நின்னு வலது காலை லேசா ஊனிப் பார்ப்பாங்க. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நாலு அடி. அஞ்சாவது அடியில முகம் தெளிஞ்சிடும், அப்புறம் சாதாரணமா நடப்பாங்க. உட்கார்ந்து எழுந்தா மறுபடி முதல்லேருந்து. எங்க வலிக்குதுன்னு கேட்டா முட்டிச் சில்லைத் தொடறதில்ல. அதுக்கு நாலு விரக்கடை கீழே, உள்பக்கமா, கணைக்கால் எலும்புல விரலை வைக்கிறாங்க.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "செயற்கை மூட்டோட கீழ்த்தட்டைச் சுத்தி எலும்பு கரைஞ்சிருக்கு, தட்டு ஆட்டம் கொடுத்த மாதிரி தெரியுது, ரிவிஷன், அதாவது பழசை எடுத்துட்டுப் புது மூட்டு வைக்கிற அறுவை, பண்ண வேண்டி வரும்" என்றார். இன்னொரு டாக்டர், "தாங்கற வலிதானே, விடுங்க, மாத்திரையில ஓட்டலாம்" என்கிறார். ரெண்டு பேருமே நிதானமா பேசினவங்கதான். யார் சொல்றதைக் கேக்கறதுன்னுதான் தெரியல. அம்மா கால்சியம் மாத்திரையை ஒரு நாள் விட்டதில்ல, அப்புறம் எலும்பு எப்படிக் கரையும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய வாத்தியார்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என் காலையே யாரோ பார்த்து எழுதியது போல் இருந்தது. எழுந்த முதல் சில அடிகளில் மட்டும் வலி, பிறகு தணிவது. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பிடிப்பு விட்ட தட்டு, பாரம் இறங்கும்போது எலும்பின் மேல் சற்று நகர்ந்து உட்காருகிறது. உட்கார்ந்துவிட்டால் வலி குறைகிறது என்று என் மருத்துவர் விளக்கினார்.

எனக்கு இப்போது 74 வயது. முதல் அறுவைக்குப் பிறகு 14 வருடம் நன்றாக இருந்தேன். வலி வந்த பிறகு இரண்டு வருடம் "தாங்குகிற வலிதானே" என்று நானே தள்ளிப்போட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நான்தான் பயந்தேன். திறந்து பார்த்தபோது கணைக்கால் எலும்பின் தலைப்பகுதி ஒரு பக்கம் முழுக்கப் போயிருந்தது. முதல் வருடமே வந்திருந்தால் சின்ன வேலையாக முடிந்திருக்கும் என்றார்கள். வலியின் அளவை வைத்து எலும்பின் நிலையை எடை போடாதீர்கள். எனக்கு வலி அப்படியேதான் இருந்தது. எலும்புதான் குறைந்துகொண்டே போனது.

மூட்டு மருத்துவர்

நான் ரிவிஷன் அறுவைகள் செய்பவன். படத்தைப் பார்க்காமல் உங்கள் அம்மாவுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால்சியம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அங்கேதான் வழி தவறுகிறார்கள்.

வயதாவதால் உடம்பு முழுக்க எலும்பு மெலிவது ஒன்று. செயற்கை மூட்டைச் சுற்றி மட்டும் எலும்பு கரைவது வேறொன்று. மூட்டில் மேலே உலோகம், கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். வருடக்கணக்கான நடையில் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகிறது. தூள் என்றால் கண்ணுக்குத் தெரிவதல்ல. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் இதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. எரிச்சலடைந்து அவை அனுப்பும் ரசாயனச் செய்திகள் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அங்கே எலும்பு கால்சியம் இல்லாமல் வாடவில்லை, அரிக்கப்படுகிறது. அதனால்தான் எத்தனை மாத்திரை போட்டாலும் அந்தக் குழி நிரம்புவதில்லை. கால்சியத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது மற்ற எலும்புகளுக்கு வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும். 1892-இல் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் எழுதி வைத்த விதி இது. கெட்டியான உலோகம் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டால், அதன் நிழலில் இருக்கும் எலும்பு வேலையில்லாமல் மெலிகிறது. தொடை எலும்பின் முன்பக்கம், உலோகத்துக்குப் பின்னால், முதல் வருடத்திலேயே இப்படி மெலிவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இது பெரும்பாலும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், இதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

தட்டு ஆடுவதற்கு எந்திரக் காரணங்களும் உண்டு. சிமெண்ட் என்று சொல்கிறோமே, அது பசை இல்லை. எலும்பின் சின்னச் சின்னத் துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடிக்கும் சாந்து. பூசும்போது நடுவில் ரத்தமோ கொழுப்போ புகுந்திருந்தாலும், கால் வளைந்த நிலையிலேயே தட்டு பொருத்தப்பட்டிருந்தாலும் பிடிப்பு சீக்கிரம் விடும்.

கடைசியாக, கிருமி. இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மெதுவாக வளரும் கிருமியும் எலும்பைக் கரைக்கும், தட்டை ஆட வைக்கும், எக்ஸ்ரேயில் அதே மாதிரி தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ரிவிஷன் பேச்சே எடுக்கக் கூடாது.

லேத் ராசு

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். நான் கடைசல் பட்டறையில இருக்கிறவன். பேரிங் தேஞ்சா தூள் ஆயில்ல மிதக்கும், புரியுது. பிளாஸ்டிக் தூள் மூட்டுக்குள்ளதானே விழும்? தட்டுக்கு அடியில, எலும்புக்குள்ள எப்படிப் போகுது? அங்கதான் சிமெண்ட் அடைச்சிருக்கே.

மூட்டு மருத்துவர்

நீங்கள் சொன்ன அந்த ஆயில்தான் விஷயம், ராசு அண்ணா. மூட்டுக்குள் வழுவழுப்பான நீர் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அதன் அழுத்தம் ஏறி இறங்குகிறது. சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீர் அதற்குள் பம்ப் அடித்தது போல் போகும், தூளையும் கூட்டிக்கொண்டு போகும். திருகு போட்ட தட்டுகளில் திருகின் துளை வழியாகவும் போகும். எலும்பு கொஞ்சம் கரைந்ததும் இடைவெளி பெரிதாகிறது, இன்னும் அதிக நீர் போகிறது. ஆரம்பத்தில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கரைவதற்கு இதுவும் ஒரு காரணம். மூட்டின் ஓரத்தில் சிமெண்ட் நன்றாக அடைபட்டிருப்பது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

மறுநடை

மூத்தமகள் அக்கா, டாக்டர் கிருமி பத்தி சொன்னதை அப்படியே புடிச்சுக்கோங்க. நான் அதுல மாட்டினவன்.

எனக்கு அறுவை ஆன நாள்லேருந்தே வலி முழுசா போகல. ராத்திரி படுத்தாலும் குடையும். ஒண்ணரை வருஷம் கழிச்சு லேசா வீக்கம், சூடு. பக்கத்துல இருந்த ஒரு டாக்டர் "எதுக்கும் இருக்கட்டும்"னு பத்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தார். வீக்கம் வடிஞ்சுது, சந்தோஷப்பட்டேன். மாத்திரை முடிஞ்ச ரெண்டு வாரத்துல திரும்ப வந்துது. பெரிய டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டு மூட்டு நீர் எடுத்தப்ப கல்ச்சர்ல, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில, ஒண்ணும் வளரல. மாத்திரை கிருமியைக் கொல்லாம ஒளிய வச்சிருச்சு. அப்புறம் மருந்தே இல்லாம காத்திருந்து மறுபடி நீர் எடுத்துத்தான் புடிச்சாங்க. அதுக்குள்ள நாலு மாசம் போச்சு, எலும்பும் போச்சு.

எனக்கு ரெண்டு கட்டமா செஞ்சாங்க. முதல்ல எல்லா உலோகத்தையும் சிமெண்டையும் எடுத்துட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்ட்ல செஞ்ச ஸ்பேசர், அதாவது மூட்டு இருந்த இடத்தைப் பிடிச்சு வைக்கிற தற்காலிகக் கட்டை, வச்சாங்க. ஆறு வாரம் நரம்பு வழியா மருந்து. கிருமி போச்சுன்னு உறுதி பண்ணி, பத்தாவது வாரம் புது மூட்டு. அந்தப் பத்து வாரம் வாக்கர்தான் எனக்குக் கால். இப்ப மூணு வருஷம் ஆச்சு, நல்லா நடக்கிறேன். ஆனா நீர் எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதினா, "ஏன், எதுக்கு"ன்னு கேளுங்க.

மூட்டு மருத்துவர்

தம்பி தன் கஷ்டத்தைச் சொல்லிப் பலரைக் காப்பாற்றுகிறார். காய்ச்சலும் நடுக்கமுமாக ஒருவர் வந்தால் கதை வேறு, உடனே மருந்து கொடுத்தாக வேண்டும். அப்படி அவசரம் இல்லாதபோது, நீர் எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இருப்பது நல்லது.

முதலில் ரத்தத்தில் சிஆர்பி, ஈஎஸ்ஆர். இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனைகள். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும் ஈஎஸ்ஆர் 30-க்கு மேலும் இருந்தால் சந்தேகம் கூடும். சாதாரணமாக இருந்தாலும் கிருமி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மந்தமான கிருமிகள் ரத்தத்தில் சத்தம் போடுவதில்லை. மூட்டு நீரில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு வெள்ளணுக்கள் 3000-க்கு மேல், அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 80 சதவீதத்துக்கு மேல் என்றால் நாள்பட்ட கிருமியை நினைக்க வேண்டும். கல்ச்சரை 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில கிருமிகள் முதல் ஐந்து நாளில் தலைகாட்டாது.

மூத்தமகள், உங்களுக்கு ஒரு வேலை. அறுவை முடிந்து முதல் சில வாரங்களில் எடுத்த எக்ஸ்ரே எங்கே இருக்கிறது? அதைத் தேடி எடுங்கள். இன்றைய ஒரு படத்தைவிட, வெவ்வேறு வருடங்களில் எடுத்த இரண்டு படங்கள் அதிகம் பேசும்.

மூத்தமகள்

டாக்டர், ரெண்டு நாளா அலமாரியைக் கவிழ்த்துட்டேன். மூணு படம் கிடைச்சுது: அறுவை ஆகி ஆறாவது வாரம், அஞ்சாவது வருஷம், போன மாசம். ஜன்னல் கண்ணாடியில வரிசையா ஒட்டி வச்சுப் பார்த்தேன்.

முதல் படத்துல தட்டுக்கு அடியில வெள்ளையா சிமெண்ட், அதை ஒட்டியே எலும்பு, நடுவுல ஒண்ணுமில்ல. அஞ்சாவது வருஷத்துல உள்பக்க ஓரத்துல மட்டும் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. சொல்லாட்டி கண்ணுல படாது. போன மாசப் படத்துல அந்தக் கோடு பென்சில் முனை கனத்துல தட்டோட அடி முழுக்க ஓடுது. உள்பக்கத்துல மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் குழி. அடிஸ்கேலை வச்சுப் பார்த்தா தட்டே உள்பக்கமா சாஞ்சிருக்கு. முதல் படத்துல நேரா இருந்துது.

அஞ்சாவது வருஷப் படம் எடுத்தப்ப "நல்லா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு வருஷம் வலி இல்லைன்னு நாங்க படமே எடுக்கல. அதை நெனச்சா மனசு ஆறல.

மூட்டு மருத்துவர்

உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது வருடப் படத்தில் இருந்த கோட்டைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னதும் தவறில்லை. 2 மில்லிமீட்டருக்குக் குறைவான, ஒரு ஓரத்தில் நிற்கும் கோடு பலருக்கு இருக்கும், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். கோடு வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டு வருடத்துக்கு ஒன்றோ படம் வேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எலும்பு கரைவது வலிக்காது. தட்டு ஆடத் தொடங்கிய பிறகுதான் வலிக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோடு வளர்ந்திருக்கிறது, தட்டு சாய்ந்திருக்கிறது. தட்டு இடம் மாறியிருந்தால் அது ஆடுகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. கிருமிச் சோதனையோடு, உலோகத்தின் நிழலைக் குறைத்து எடுக்கும் சிடி ஸ்கேன் ஒன்றும் கேளுங்கள். எக்ஸ்ரே குழியைச் சின்னதாகக் காட்டும். தொடை எலும்பில் உலோகத்துக்குப் பின்னால் இருப்பது படத்தில் மறைந்தே போகும்.

பிசியோ செல்வி

நடுவுல நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். பரிசோதனையெல்லாம் முடியற வரைக்கும் அம்மா என்ன செய்யணும்னு யாரும் சொல்லலையே.

கைத்தடி. வலது முட்டிதானே, தடி இடது கையில. நிறைய பேர் வலிக்கிற பக்கமே புடிப்பாங்க, அதுல பாதிப் பயன் போயிடும். உள்ளே அளவுமானி வச்ச செயற்கை மூட்டைச் சிலருக்குப் பொருத்தி அளந்திருக்காங்க. சமதளத்துல நடக்கும்போது முட்டி மேல உடல் எடையைப் போல சுமார் 2.6 மடங்கு பாரம். படி இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 70 கிலோ இருக்கிறவங்க ஒரு படி இறங்கினா கிட்டத்தட்ட 245 கிலோ அந்தத் தட்டு மேல இறங்குது. அதனால படியை இப்போதைக்குக் குறைங்க. இறங்கியே ஆகணும்னா வலது காலை முதல்ல கீழே வையுங்க, ஏறும்போது இடது கால் முதல்ல.

"நடந்து நடந்து பழகினா சரியாயிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தொடைத் தசைப் பிடிப்புக்கு அது சரி, ஆடற தட்டுக்கு இல்ல. உட்கார்ந்த இடத்துல தொடைத் தசையை இறுக்கி அஞ்சு எண்ணிட்டு விடறது, படுத்துக்கிட்டு காலை நேரா தூக்கறது, இதை வலிக்காத அளவுக்குச் செய்யட்டும். தசை கரைஞ்சு போய் அறுவைக்குப் போனா எழுந்து நடக்கறதுக்கு ரொம்ப நாளாகும்.

கீழே விழாம பார்த்துக்குங்க. இதைத்தான் நான் ரொம்பக் கெஞ்சிக் கேக்கறேன். கரைஞ்ச எலும்பு செயற்கை மூட்டோட ஓரத்துல உடைஞ்சா வேலை பல மடங்கு கஷ்டமாயிடும். ராத்திரி எழுந்தா விளக்கு, தரையில வழுக்கற விரிப்பு வேண்டாம்.

மருந்தாளுநர்

மருந்தே இல்லை என்பது போல் பேச்சு போகிறதே. எலும்பு அரிப்பைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மாத்திரை எடுத்தவர்களிடம் ரிவிஷன் குறைவு என்று பெரிய பதிவேட்டு ஆய்வுகள் வந்திருக்கின்றன. டெனோசுமாப் நேராக ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதையே தடுக்கிறது. இவ்வளவு நாள் அம்மாவுக்கு ஏன் ஒன்றும் கொடுக்கவில்லை?

மூட்டு மருத்துவர்

நல்ல கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்கிறேன். அந்த ஆய்வுகள் மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பின்னால் ஒப்பிட்டவை. மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார். அதனால் பலன் மருந்தாலா, கவனத்தாலா என்று முழுக்கப் பிரிக்க முடியாது. அறுவைக்குப் பின் முதல் வருடத்தில் எலும்பு மெலிவதை இந்த மருந்துகள் குறைக்கின்றன என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஆடிவிட்ட தட்டை எந்த மருந்தும் திரும்பப் பிடிக்க வைக்காது. தட்டு ஆடும் ஒருவருக்கு மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் காலத்தைத்தான் இழக்கிறோம்.

மருந்துக்கு இடம் உண்டு, காரணம் வேறு. இடுப்பிலும் முதுகிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, இளம் வயதினர் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது ஆஸ்டியோபோரோசிஸ் என்ற எலும்பு மெலிவு நோய், அதற்கு வைத்தியம் செய்தே ஆக வேண்டும். புது மூட்டும் அதே எலும்பில்தான் உட்காரப் போகிறது. வைட்டமின் டி அளவையும் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

மருந்தாளுநர்

ஏற்கிறேன் டாக்டர். அப்படியானால் மருந்து தொடங்குபவர்களுக்கு நான் கவுண்டரில் சொல்வதையே இங்கும் சொல்லிவிடுகிறேன். பிஸ்பாஸ்போனேட் வகையைச் சேர்ந்த அலென்ட்ரோனேட் வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியத்தையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள், மருந்து உடம்பில் சேராது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் முதலில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது, தாடை எலும்பு ஆறாமல் போவது அரிது என்றாலும் நடக்கிறது. டெனோசுமாப் ஊசி ஆறு மாதத்துக்கு ஒன்று. அதைத் திடீரென்று நிறுத்தினால் எலும்பு வேகமாகக் குறைந்து முதுகெலும்பு நொறுங்கலாம். நிறுத்துவதென்றால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டுவிட்டுத்தான்.

மூத்தமகள்

முடிவெல்லாம் வந்துடுச்சு. சிஆர்பி 3, ஈஎஸ்ஆர் 22. மூட்டு நீர்ல வெள்ளணு 410, 14 நாள் வச்சும் ஒண்ணும் வளரல. டெக்ஸா -2.7. சிடியில கணைக்கால் எலும்போட உள்பக்கம் நல்லா கரைஞ்சிருக்கு, தொடை எலும்புல சின்னக் குழி ஒண்ணு.

பொறுக்கலாம்னு சொன்ன டாக்டர்கிட்டயே மூணு படத்தையும் கொண்டு போய்க் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பழைய படம் நீங்க அன்னைக்குக் கொண்டு வரல, இதைப் பார்த்திருந்தா நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். மனசு லேசாச்சு. அம்மா சம்மதிச்சுட்டாங்க. ஆனா "எலும்பே இல்லாத இடத்துல புதுசா எதை வச்சு நிறுத்துவாங்க?"ன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் தெரியல.

மூட்டு மருத்துவர்

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்கள். ரிவிஷன் என்பதே அந்தக் கேள்விதான்.

எலும்பு இழப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறோம். முதல் வகையில் சின்னக் குழிகள், எலும்பின் ஓரச் சுவர் நல்லபடியாக இருக்கும். சிமெண்டோ எலும்புத் துண்டுகளோ போதும். இரண்டாம் வகையில் மூட்டை ஒட்டிய பஞ்சு எலும்பு போயிருக்கும், ஒரு பக்கம் மட்டும் என்றால் 2ஏ, இரண்டு பக்கமும் என்றால் 2பி. மூன்றாம் வகையில் அந்தப் பகுதியே பெரிதாக இல்லை, தசைநார் ஒட்டியிருக்கும் இடமும் போயிருக்கலாம். படத்தை வைத்து உத்தேசமாகச் சொல்லலாம். பழைய தட்டை எடுத்த பிறகுதான் உண்மை தெரியும், பெரும்பாலும் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

நிறுத்துவதற்கு எலும்பில் மூன்று தளங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: மூட்டின் மேற்பரப்பு, அதற்குக் கீழே அகன்ற பகுதி, அதற்கும் கீழே குழாய் போன்ற தண்டு. மூன்றில் இரண்டிலாவது கெட்டியான பிடிப்பு வேண்டும். மேற்பரப்பில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் 5 அல்லது 10 மில்லிமீட்டர் உலோகக் கட்டை வைத்து மட்டம் செய்கிறோம். அகன்ற பகுதியில் குழி பெரிதாக இருந்தால் டான்டலம் அல்லது டைட்டானியத்தில் செய்த கூம்பு. அதன் வெளிப்பரப்பு கடற்பஞ்சு போல் துளைத்துளையாக இருக்கும். மிச்சமிருக்கும் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதன் நடுவே நீண்ட உலோகத் தண்டு எலும்பின் குழாய்க்குள் இறங்கிப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட பெரிய குழிகளுக்கு இறந்தவர் தானம் தந்த எலும்பைச் செதுக்கி வைப்போம். அது சில வருடங்களில் கரைந்து நொறுங்குவது உண்டு. கூம்பு வந்த பிறகு அந்தக் கவலை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பக்கத் தசைநார்கள் நன்றாக இருந்தால் சாதாரண ரிவிஷன் மூட்டு போதும். அவை தளர்ந்திருந்தால் நடுவில் கெட்டியாகப் பிடிக்கும் மூட்டு, சுத்தமாக இல்லையென்றால் கீல் வைத்தது. ஆனால் மூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு பாரம் எலும்புப் பிடிப்பின் மேல் விழும். அதனால் தேவைக்கு மேல் ஒரு படி கூடப் போக மாட்டோம்.

உள்ளே இருந்து ஐந்தாறு இடங்களில் திசு எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீர் சுத்தமாக இருந்தாலும் இது வேண்டும்.

பழைய வாத்தியார்

எனக்கு வைத்தது அந்தக் கூம்புதான். ஐந்து வருடம் ஆகிறது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அம்மாவை ஏமாற்ற வேண்டாம். முதல் அறுவைக்குப் பின் மறந்தே போனது போல் இருந்த முட்டி, இரண்டாவதற்குப் பின் அப்படி இல்லை. மடக்குவது 95 டிகிரியோடு நிற்கிறது, நீண்ட தூரம் நடந்தால் இறுகுகிறது. ஆனால் அந்த நாலு அடி வலி போய்விட்டது. தடி இல்லாமல் நடக்கிறேன்.

மூத்தமகள்

அறுவை முடிஞ்சு ஏழு வாரம். முன்னாடியே எழுதியிருக்கணும், நேரமே கிடைக்கல.

உள்ளே பழைய தட்டைச் சிமெண்டோட விரலாலேயே தூக்கி எடுத்தேன்னு டாக்டர் சொன்னார். சிமெண்ட் தட்டோட ஒட்டித்தான் இருந்துதாம், எலும்புதான் அதை விட்டுட்டு நகர்ந்திருந்தது. பிளாஸ்டிக்கை எனக்குக் காட்டினார். உள்பக்கம் ஒரு பள்ளம், ஓரம் மஞ்சளாயிருந்துது, நகத்தால தடவினா சொரசொரன்னு இருந்துது. கணைக்கால்ல 2ஏ. ஒரு கூம்பு, நீளமான தண்டு, உள்பக்கம் 5 மில்லிமீட்டர் கட்டை. தொடைப் பக்கம் முதல் வகைதான், ஆனா அதையும் மாத்தினாங்க. ஆறு இடத்துல எடுத்த திசுவும் சுத்தம்.

மறுநாளே வாக்கரோட நிக்க வச்சாங்க. இப்போ மடக்கறது 100 டிகிரி. செல்வி அக்கா சொன்ன மாதிரி தசையை விடாம வச்சிருந்தது உதவிச்சுன்னு அங்க இருந்த பிசியோவும் சொன்னாங்க. டெக்ஸாவுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு, பல் டாக்டரைப் பார்த்துட்டுத்தான்.

நேத்து அம்மா நாற்காலியிலேருந்து எழுந்தாங்க. நான் பழக்கத்துல அஞ்சு வரைக்கும் எண்ணக் காத்திருந்தேன். ரெண்டு எண்ணறதுக்குள்ள வாசலுக்குப் போயிட்டாங்க.

புதுமுட்டி

இந்த இழையை முழுசா படிச்சேன், பயந்துட்டேன். எனக்கு அறுவை ஆகி அஞ்சு மாசம். முட்டி இன்னும் சூடா இருக்கு, சாயங்காலம் வீங்குது. வெளியில ஒரு எலும்பு ஸ்கேன் எடுத்ததுல முட்டியைச் சுத்தி எல்லாம் கறுப்பா எரியுதுன்னு எழுதியிருக்காங்க. எனக்கும் ஆடிடுச்சா?

மூட்டு மருத்துவர்

பயப்படாதீர்கள். ஐந்து மாதத்தில் முட்டி சூடாக இருப்பதும் சாயங்கால வீக்கமும் பலருக்கும் உண்டு, மெதுவாகக் குறையும். அறுவைக்குப் பின் எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொண்டிருப்பதால் ஸ்கேன் ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் வரை கூட அப்படித்தான் காட்டும். அதை வைத்து ஆட்டம் என்று சொல்ல முடியாது. வலி நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். கூடினாலோ, ராத்திரி குடைந்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ காத்திருக்காமல் அறுவை செய்தவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகப் போடாதீர்கள்.

இங்கே எழுதுபவர்கள் எல்லாம் பிரச்சினை வந்தவர்கள், அதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், முழு முட்டி மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேரின் மூட்டு 25 வருடம் நின்றிருக்கிறது. உங்கள் ஆறாவது வாரப் படம் இருக்கிறதா?

புதுமுட்டி

இருக்கு டாக்டர். உறையில போட்டுத் தேதி எழுதி வச்சுட்டேன்.

மூத்தமகள்

அம்மாவோட இடது முட்டிக்கும் இப்போ படம் எடுத்தாச்சு. எட்டு வருஷம், வலியே இல்ல. தட்டுக்கடியில உள்பக்கம் ஒரு நூல் கோடு இருக்கு. மூணாவது வருஷப் படத்தோட வச்சுப் பார்த்தோம், அதே நீளம், அதே கனம். அடுத்த வருஷம் இதே மாசம் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காங்க.